எடை இல்லாத விளக்குக்கு என்ன விலை? நம் முப்பரிமாணக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழு நண்பர்களுக்கு,

வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை கூடும்போது கை தூக்கச் சொல்லப் போகிறீர்கள். ஓராண்டாக நாம் பதினோரு பேர் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் உட்கார்ந்து செய்த வீட்டுப் பொருட்களை, அம்மிக்கல்லில் தொடங்கி அரிக்கேன் விளக்கு வரை, விளையாட்டிலும் படத்திலும் வைக்கும் 43 ப்ராப்களை (கணினிப் பொருட்களை), இலவசமாக விடுவதா, விற்பதா என்று. கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. யாராவது குறுக்கே வந்தால் சொல்ல வந்ததே மறந்துவிடும். அதனால் எழுதிவிடுகிறேன். நம்மைப் போலவே வேறு பலரும் இதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பதால், எல்லோரும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே.

போன கூட்டத்தில் இரண்டு கட்சி இருந்தது. “நம்ம பண்பாட்டுக்குக் காசு வாங்கலாமா?” என்று ஒன்று. “ராத்திரி ராத்திரியாக் கண் முழிச்சு செஞ்சதை ஓசியில கொடுக்கணுமா?” என்று இன்னொன்று. கடைசியில் ஒருங்கிணைப்பாளர் அண்ணன் சமாதானமாக ஒரு வழி சொன்னார். இலவசமாகக் கொடுப்போம், ஆனால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று போட்டுவிடுவோம். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், மூன்று வழிகளில் அதுதான் மோசமானது என்று படுகிறது. ஏன் என்று சொல்ல என் சொம்புக் கதையைச் சொல்ல வேண்டும்.

நான்கு வருடம் முன்பு ஓர் ஈயச்சொம்பு செய்தேன். எங்கள் பாட்டி ரசம் வைத்த சொம்பு அது. கழுத்துக்குக் கீழே இடப்பக்கம் ஒரு நசுங்கல் இருக்கும். சித்தப்பா சின்ன வயதில் கிணற்றடியில் போட்டு உருட்டியது என்று சொல்வார்கள். கணினியில் சொம்பு செய்வது பெரிய வித்தையே இல்லை, அரை மணி நேரத்தில் உருண்டை வந்துவிடும். அந்த நசுங்கல்தான் ஒரு நாள் பிடித்தது. உலோகம் உள்ளே போன இடத்தில் விளிம்பு கொஞ்சம் மேலே எழும்ப வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். முடித்துவிட்டு, ‘இலவசம், வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று எழுதி ஏற்றினேன். நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன்.

முதலில் ஒரு கல்லூரி மாணவர் எழுதினார். குறும்படத்தில் சொம்பு வருகிறது, போட்டிக்கு அனுப்புகிறோம், பரிசுத்தொகை உண்டு, அது வணிகமா? தெரியவில்லை. அடுத்து ஓர் ஆசிரியை. பாடக் காணொளி போடுகிறார், அதில் விளம்பரம் ஓடுகிறது, மாதம் ஏதோ கொஞ்சம் வருகிறது. அது வணிகமா? அதுவும் தெரியவில்லை. இருவருமே கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள், நாணயமான மனிதர்கள். கேட்காத ஒருவர் இருந்தார். ஒரு வெளிநாட்டுச் சந்தைத் தளத்தில் ‘பழைய இந்தியப் பானை’ என்ற பெயரில் ஒன்பது டாலருக்கு என் சொம்பு விற்பனையில் இருந்தது. இடப்பக்கம், கழுத்துக்குக் கீழே, அதே நசுங்கல். தளத்துக்கு மூன்று கடிதம் எழுதி, மூல ஃபைல் அனுப்பி, அதை எடுக்கவைக்க இரண்டு மாதம் ஆனது. யாருக்கு உதவ நினைத்தேனோ அவர்கள் தயங்கி நின்றார்கள், யாரைத் தடுக்க நினைத்தேனோ அவர் கவலைப்படவே இல்லை. அந்த ஒரு வரி இதைத்தான் சாதித்தது.

கொடுப்பதென்றால் கையை விரித்துக் கொடுப்போம். விற்பதென்றால் விலையைச் சொல்லி விற்போம். ‘கொடுக்கிறேன், ஆனால்’ மட்டும் வேண்டாம்.

சரி, கொடுப்பதா, விற்பதா?

கொடுக்கும் கட்சிக்கு அவர்கள் சொல்லாத ஒரு நல்ல சாட்சி என்னிடம் இருக்கிறது, தேநீர்க் கெண்டி. 1975இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்ற ஆராய்ச்சியாளர், கணினியில் வரைய ஏதாவது நல்ல வடிவம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். மனைவி சாண்ட்ராவோடு தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது, இந்த டீ செட்டையே வரையலாமே என்று சாண்ட்ரா சொன்னாராம். நியூவெல் வரைபடத் தாளில் கெண்டியைக் கையால் வரைந்து, புள்ளிகளை எண்களாக்கிக் கணினியில் ஏற்றினார். அந்த எண்களை எல்லோருக்கும் கொடுத்தும் விட்டார். கூடப் பணியாற்றிய ஜிம் பிளின் அதை மேலிருந்து அமுக்கிக் குட்டையாக்கினார். அசல் கெண்டி இன்று கலிஃபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நாம் திரையில் பார்ப்பதைவிடக் கொஞ்சம் உயரமாக. 3டிஎஸ் மேக்ஸ் என்ற முப்பரிமாண மென்பொருளைத் திறந்தால் இன்றைக்கும் பெட்டி, உருண்டை, கூம்பு வரிசையிலேயே ஒரு கெண்டியும் நிற்கும். ஒரு வீட்டுப் பாத்திரம் உலகத்தின் அடிப்படை வடிவங்களில் ஒன்றாகிவிட்டது. விலை வைத்திருந்தால் ஆகியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

நம் ஆட்கள் செய்யும் கணினி விளையாட்டுகளிலேயே தஞ்சாவூர் வீட்டு அடுப்படியில் ராஜஸ்தான் குடம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. தேடினால் கிடைத்தது அதுதான். நம் டபரா செட் இலவசமாகக் கிடைத்தால் அடுத்த முறை அதை வைப்பார்கள். பாலி ஹேவன் போன்ற இணையதளங்களில் எல்லாமே, எல்லா உரிமையையும் துறக்கும் சிசி0 உரிமத்தில், பெயர்கூடப் போட வேண்டாம் என்று கொடுத்துவிட்டு, ஆதரவாளர்கள் மாதாமாதம் தரும் பணத்தில் நடத்துகிறார்கள். நடக்கிறது. ஆனால் அது உலகமே பயன்படுத்தும் கல்லும் மண்ணும் மரமும். நம் முறத்துக்கும் சுளகுக்கும் அத்தனை ஆதரவாளர்கள் வருவார்களா என்று நீங்களே சொல்லுங்கள்.

விற்கும் கட்சிக்கும் சாட்சி உண்டு, நானே. டீக்கடைத் தொகுப்பு ஒன்றை விற்றுப் பார்த்தவள் நான். பாய்லர், கண்ணாடி கிளாஸ், வடைத்தட்டு, நாற்காலி. விற்பனை என்றால் ஃபைலை ஏற்றிவிட்டுத் தூங்குவது என்று நினைத்தேன். ஒருவர் அன்ரியல் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் திறந்தால் பாய்லர் தலைகீழாக வருகிறது என்றார். ஒருவருக்கு டெக்ஸ்சர் (பொருளின் மேல் ஒட்டும் மேற்பரப்புப் படம்) 4கே அளவில் வேண்டும், அடுத்தவருக்கு அதுவே கனம். இன்னொருவர் இரண்டு நட்சத்திரம் போட்டு, ‘கிளாஸில் விரல் ரேகை இருக்கிறது’ என்று எழுதினார். அந்த ரேகைக்காகத்தான் நான் இரண்டு நாள் உட்கார்ந்தேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? கடை வைத்தால் கடையில் உட்கார வேண்டும். அது தனி வேலை. 43 பொருளுக்கும் உட்கார நம்மில் யார் தயார்?

இந்த இடத்தில்தான் நான் பல நாள் நின்றேன். தெளிந்தது ஒரு விளக்குப் பட்டறையில்.

தொகுப்பில் குத்துவிளக்கு என் பொறுப்பு. படம் பார்த்துச் செய்யப் பிடிக்காமல், கும்பகோணத்திலிருந்து திருவாரூர் பஸ் ஏறி நாச்சியார்கோயில் போனேன். அங்கே விளக்கை ஒரே வார்ப்பாகச் செய்வதில்லை. பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டு ஒன்றின் மேல் ஒன்றாகத் திருகுகிறார்கள். கடைசல் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிளெண்டரில் செய்வதும் அதேதான், விளக்கின் பாதி வெட்டுக்கோட்டை வரைந்து அச்சில் வைத்துச் சுற்றிவிடுவேன். அவர்களுக்குப் பித்தளைச் சுருள் பறக்கிறது, எனக்குப் பறப்பதில்லை.

அன்னத்துக்குச் சுற்றும் வித்தை செல்லாது. கையால்தான் இழைக்க வேண்டும், அவர்களுக்கும் எனக்கும். அப்புறம் நிறம். புளி போட்டுத் துலக்கிய விளக்கை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மேடான இடமெல்லாம் மஞ்சளாக மின்னும். வரிப்பள்ளங்களில் எண்ணெய்ப் பிசுக்கும் களிம்பும் கறுப்பாகத் தங்கியிருக்கும். புளி அங்கே போய்ச் சேராது. திரி வைக்கும் மூக்கில் மட்டும் கரி. இதையெல்லாம் ரஃப்னெஸ் மேப்பில், அதாவது எங்கே மினுக்கம், எங்கே மங்கல் என்று சொல்லும் படத்தில், ஏற்றினால்தான் அது விளக்கு. இல்லையென்றால் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பளபளப்பு.

பட்டறைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். போனில் என் மாடலைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அன்னத்தின் கழுத்து கொஞ்சம் தடிமன் என்றார், சரியாகத்தான் சொன்னார். தயங்கிக்கொண்டே கேட்டேன்.

“அண்ணே, இதைக் கம்ப்யூட்டர்ல விக்கலாம்னு இருக்கோம். உங்க விளக்கைப் பாத்துச் செஞ்சது. விக்கலாமா?”

“எத்தனை கிலோம்மா வரும்?”

“எடையே கிடையாதுண்ணே. வெறும் படம் மாதிரி. ஒண்ணு செஞ்சா ஆயிரம் பேருக்கும் அதையே கொடுக்கலாம்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “எங்க கணக்கு ரெண்டுதான். பித்தளை எடைக்கு ஒரு காசு, செய்கூலி ஒரு காசு. உனக்கு எடை இல்லைன்னா கூலி மட்டும்தான். அதை வாங்கிக்க. ஆனா ஒரு வேலைக்கு எத்தனை தடவை கூலி வாங்குவ?”

பஸ்ஸில் திரும்பி வரும்போதெல்லாம் இதுதான் மண்டைக்குள் ஓடியது. நம் இரண்டு கட்சியும் பொருளுக்கு விலை உண்டா இல்லையா என்று சண்டை போடுகிறோம். பொருளுக்கு எடை இல்லை, பிரதிக்குச் செலவு இல்லை. அந்த அளவில் ஓசிக் கட்சி சொல்வது நியாயம். ஆனால் கூலி இருக்கிறது. அந்த அளவில் விலைக் கட்சி சொல்வதும் நியாயம். கூலி ஒரு தடவைதான் என்பதை மட்டும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

ஆகவே என் யோசனை இது. ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதுவோம். மணிக்கு இவ்வளவு என்று ஒரு கூலி வைப்போம். அந்தத் தொகை வரும்வரை விற்போம். வந்த அன்றே கதவைத் திறந்து எல்லோருக்கும் விட்டுவிடுவோம். எவ்வளவு வந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று பொருளுக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுவோம், மறைக்க ஒன்றுமில்லை.

விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 26 மணி நேரம் ஆனது. மணிக்கு 300 ரூபாய் என்றால் 7,800. ஒரு பிரதி 400 ரூபாய் என்று ஃபேப் என்ற இணையச் சந்தையில் வைத்தால், அவர்கள் 12 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், நமக்கு 352 வரும். 23 பேர் வாங்கினால் கணக்கு முடிந்தது. யூனிட்டி கடை என்றால் கழிவு 30 சதவீதம், கைக்கு 280, அதே விளக்குக்கு 28 பேர் வேண்டும். வரி வேறு இருக்கிறது, அதை நம் கணக்குத் தங்கச்சி பார்த்துக்கொள்வாள். அம்மிக்கல் ஐந்து மணி நேர வேலை, 1,500 ரூபாய்தான், முதல் மாதமே திறந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இது ஏதோ நான் கண்டுபிடித்த புதுமை என்று நினைக்க வேண்டாம். நாம் தினமும் திறக்கும் பிளெண்டரே இப்படி வந்ததுதான். அதைச் செய்துகொண்டிருந்த நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. உரிமை முதலீட்டாளர்கள் கையில். பிளெண்டரை உருவாக்கிய டான் ரோசண்டால் அந்த முதலீட்டாளர்களிடம் பேசி, 1,00,000 யூரோ கொடுத்தால் மென்பொருளைத் திறந்துவிடச் சம்மதம் வாங்கினார். பயன்படுத்துபவர்களிடம் கை நீட்டினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது, அந்த ஆண்டு அக்டோபர் 13 அன்று மூல நிரல் பொதுவுக்கு வந்தது. இன்று நாம் ஒரு பைசா கொடுக்காமல் பயன்படுத்துகிறோம் என்றால், யாரோ ஒரு தடவை கொடுத்துவிட்டார்கள்.

அதற்கும் முன்னால், நம் ஊரிலேயே நடந்த கதை. பாரதியார் பாட்டை நாம் யாரிடமும் கேட்காமல் பாடுகிறோம். 1949இல் அன்றைய சென்னை மாகாண அரசு அந்த உரிமையை வாங்கியது, அப்புறம் மக்களுக்கு என்று விட்டது. இன்றும் தமிழக அரசு எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கும்போது மரபுரிமையாளருக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டுத்தான் பொதுவில் விடுகிறது. ‘நாட்டுடைமை’ என்று நமக்கு ஒரு சொல்லே இருக்கிறது. எழுத்துக்கு இருக்கும் அந்த ஏற்பாடு சொம்புக்கு ஏன் கூடாது?

இனி உங்கள் கேள்விகள். போனிலேயே சிலர் ஆரம்பித்துவிட்டீர்கள்.

“எப்படியும் இலவசமாகப் போகுது, நான் ஏன் இப்ப வாங்கணும்?” காத்திருப்பவர் காத்திருக்கட்டும். அடுத்த வாரம் ரெண்டர் (முடிந்த படம்) கொடுக்க வேண்டியவர் 400 ரூபாய்க்காகக் காத்திருக்க மாட்டார். கூலி கொடுக்க வேண்டியதும் அவர்தான், அவருக்கு அதில் வருமானம் இருக்கிறது. கல்லூரிப் பிள்ளை பொறுத்திருக்கலாம், தவறில்லை.

“யாருமே வாங்கலைன்னா?” இதுதான் சரியான கேள்வி. கூலி வராமல் ஆட்டுக்கல் பத்து வருடம் பூட்டிக் கிடந்தால் யாருக்கும் லாபமில்லை. எனவே இரண்டு வருடம் கெடு வைப்போம். அதற்குள் எவ்வளவு வந்ததோ வந்தது, திறந்துவிடுவோம். நஷ்டம்தான். கரும்பு போட்டவனுக்கு நஷ்டம் வருவதில்லையா?

“மணிக்கணக்கைக் கூட்டிச் சொன்னா யாருக்குத் தெரியும்?” யாருக்கும் தெரியாது. நாம் பதினோரு பேர், ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தெரியும். அம்மிக்கல்லுக்கு நாற்பது மணி நேரம் என்று யாராவது எழுதினால் சிரித்துவிடுவோம், அது போதும்.

வாடகைக்கு விடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாவுக்கு ப்ராப்பர்ட்டி வாடகைக்கு விடும் கடைகளை மனதில் வைத்துக் கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் அங்கே தேக்குக் கட்டில் ஷூட்டிங் முடிந்து லாரியில் திரும்பி வரும். நம் ஃபைல் போனால் போனதுதான்.

படத்தைக் கொடுத்தால் மாடலே செய்து தரும் ஏஐ வந்துவிட்டது, இனி யார் வாங்குவார்கள் என்று இன்னொருவர். முயன்று பார்த்தேன். குத்துவிளக்கு கேட்டேன், அன்னத்துக்குப் பதில் கோழி வந்தது. நாளைக்குச் சரியாக வரலாம். அப்போது பார்ப்போம்.

திறக்கும்போது எந்த உரிமம் என்பதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. ‘இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று நினைக்கிறோம். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாத உரிமத்தை ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாததை இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்வார்கள். சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பிள்ளை நம் முறத்தை எடுத்தால்? ஆகவே எழுதி வைத்த, எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் என்று சொல்லும் உரிமம் வேண்டும். பெரும்பாலான பொருளுக்கு சிசி0 போதும். உரிமையைத் துறக்கிறேன் என்று பொது அறிவிப்பு கொடுக்க அதே சட்டத்தின் 21ஆம் பிரிவும் வழி விடுகிறது. திறந்ததைத் திரும்ப மூட முடியாது என்பதையும் யோசித்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். பெரிய நிறுவனங்கள் கருணையில் கொடுப்பது வேறு வகை. அன்ரியலைச் செய்யும் எபிக் நிறுவனம் 2019இல் குவிக்ஸல் நிறுவனத்தை வாங்கி, அதன் மெகாஸ்கேன்ஸ் மாடல் தொகுப்பை அன்ரியல்காரர்களுக்கு இலவசம் என்றது. 2024 முடிந்ததும் புதிதாக எடுப்பவர்களுக்கு விலை வந்தது. அவர்கள் பொருள், அவர்கள் இஷ்டம். நம் தொகுப்பில் அந்த இஷ்டத்தை நமக்கே வைத்துக்கொள்ளாமல் இருப்போம் என்கிறேன்.

விளக்குக்கு மட்டும் எனக்கு ஒரு விதிவிலக்கு வேண்டும். அதை சிசி0வில் விட மாட்டேன். பெயர் குறிப்பிட வேண்டும் என்ற சிசி பை உரிமத்தில்தான் விடுவேன். என் பெயருக்காக இல்லை. பட்டறைப் பெயர் போடட்டுமா என்று அவரிடம் கேட்டேன். “என் பேரு எதுக்கு, ஊர் பேரைப் போடு” என்றார். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்ற பெயர், கண்ட விளக்குக்கும் ஒட்டக் கூடாது. ஆனால் இது அங்கேயே உட்கார்ந்து பார்த்துச் செய்த விளக்கு. எந்த நாட்டில் எந்த விளையாட்டில் எரிந்தாலும் ஓர் ஓரத்தில் அந்த ஊர்ப் பெயர் இருக்கட்டும். கூலியில் ஒரு பங்கை அவருக்குக் கொடுக்க நினைக்கிறேன், அது என் கணக்கில், குழுவுக்குச் சம்பந்தமில்லை. வாங்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவரவர் பொருளின் மணிக்கணக்கைத் தோராயமாகவாவது எழுதி எடுத்து வாருங்கள். மணிக்கு 300 என்பது என் மனதில் பட்ட தொகை, குறைக்கலாம், கூட்டலாம், அதைப் பேசுவோம். என் கட்சிக்கு ஆள் சேரவில்லை என்றால் இரண்டில் எதற்கு வேண்டுமானாலும் கை தூக்குகிறேன். ‘கொடுக்கிறேன், ஆனால்’ என்ற அந்த மூன்றாவதற்கு மட்டும் தூக்க மாட்டேன்.

என் சொம்புக்குக் கூலி எப்போதோ மனதுக்குள் தீர்ந்துவிட்டது. நேற்றிரவு பழைய வரியை அழித்துவிட்டு சிசி0 என்று மாற்றினேன். அந்த ஆசிரியைக்கும் எழுதிவிட்டேன், விளம்பரம் ஓடினாலும் பரவாயில்லை என்று. அன்னத்தின் கழுத்தைத்தான் இன்னும் மெலிதாக்கவில்லை, ஞாயிற்றுக்குள் முடித்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் விளக்குக்காரி